ராத்திரி இரண்டு மணிக்குக் கவலை ஏன் பெருகுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ராத்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அதிகாலை 3, 4 மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விடிவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். தோவாளையில் பொழுது விடிவதற்குள் பூச்சந்தை சூடுபிடித்திருக்கும். குளச்சல், முட்டம் கரைகளில் எப்போது படகு இறக்குவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. சவுதியில் கணவர் வேலை பார்க்கிற வீட்டில், அவர் டூட்டி முடிந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குப் போன் போட்டால் இங்கே பன்னிரண்டரை. துபாய் என்றால் பதினொன்றரை.

இப்படி நேரம் கலைந்து கிடக்கிற ஊரில், "ராத்திரி ஒறக்கமே வரல்ல" என்ற பேச்சு காலைச் சாயாக்கடையில் அடிக்கடி கேட்கிற பேச்சுதான். கேட்கிறவர்கள் உடனே காரணத்துக்குப் போவார்கள். மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. குழு லோன் தவணை நிற்கிறது. விசா புதுப்பித்து வரவில்லை. மகன் ஒழுங்காகப் படிக்கவில்லை. இதெல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் தூக்க ஆராய்ச்சியாளர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிற ஒரு விஷயம் நம் பேச்சில் வருவதே இல்லை. தூக்கத்தை முதலில் கெடுத்த காரணம் ஒன்று. அது மாதக்கணக்கில் கெட்டே கிடப்பதற்கான காரணம் வேறு. முதலாவது பெரும்பாலும் கவலை. இரண்டாவது, எப்படியாவது தூங்கிவிட வேண்டும் என்று நாம் படுகிற பாடு.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, தூக்கம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உடம்பு வைத்திருக்கும் இரண்டு கணக்கு

சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-ல் ஒரு விளக்கம் சொன்னார். இன்றுவரை தூக்க மருத்துவத்தின் அடித்தளம் அதுதான். உடம்பில் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. ஒன்று, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்ற கணக்கு. மற்றது, இப்போது பகலா இரவா என்ற கணக்கு.

முதல் கணக்கைக் குளத்தை வைத்துச் சொல்லலாம். நம் மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. காலையில் தரை தட்டிக் கிடந்த குளம் ராத்திரிக்குள் நிறைந்து மறுகால் பாய்கிற நிலைக்கு வரும். அப்போது படுத்தால் தூக்கம் தானே இழுத்துக்கொண்டு போகும். மதியம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினால், மடையைத் திறந்துவிட்ட கணக்கு. ராத்திரி 10 மணிக்குக் குளம் பாதிதான் இருக்கும். சாயா செய்கிற வேலை வேறு. அது தண்ணீரை வடிப்பதில்லை, குளம் நிறைந்திருப்பது மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் காஃபின் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்புக்குள் போன காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும். சாயங்காலம் 6 மணிக்குப் பழம்பொரியோடு குடித்த சாயாவில் பாதி, 11 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். பால் சேர்க்காத கட்டன்சாயா ஒன்றும் செய்யாது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். காஃபின் இருப்பது தேயிலையில், பாலில் இல்லை.

இரண்டாவது கணக்கை வைத்திருப்பது மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கிற இடத்துக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன நரம்புக் கூட்டம். உடம்பின் கடிகாரம் அது. தானாக விட்டால் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் அது சரிசெய்யப்படுகிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்கிறது. உடம்பின் உள்சூடு மெல்ல இறங்கி, அதிகாலை 4, 5 மணி வாக்கில் மிகக் குறைவாகி, பிறகு ஏறுகிறது. இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே 8 டிகிரியில் இருக்கிற மாவட்டம் இது; ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. ஐரோப்பியர்களைப் போலக் கோடையில் ராத்திரி 10 மணி வரை வெளிச்சம், குளிர்காலத்தில் 4 மணிக்கே இருட்டு என்ற தொல்லை நமக்கில்லை. வெளியூர்க்காரர்கள் அறை எடுத்துத் தங்கி, அலாரம் வைத்து எழுந்து, முக்கடலில் போய் நின்று பார்க்கிற அந்தச் சூரியன், உடம்புக் கடிகாரத்துக்குக் கிடைக்கிற மிக நல்ல மருந்து. உள்ளூர்க்காரர்கள் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறோம்.

உள்சூடு இறங்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, இங்கே அதில்தான் சிக்கல். உடம்பு சூட்டைத் தோல் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் வியர்வை ஆறாது. பழைய ஓட்டு வீடுகள் இருட்டியதும் சீக்கிரம் ஆறின. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகளின் மேல்தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை நடுராத்திரி வரை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மாடி அறையில் புரண்டு படுக்கிறவருக்குத் தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் அந்தத் தளமாக இருக்கலாம். ஆனால் விழித்துக் கிடக்கிற நேரத்தில் ஞாபகத்துக்கு வருவது லோன்தான். அதனால் லோன்தான் தூக்கத்தைக் கெடுத்தது என்று முடிவுகட்டிவிடுவார்.

இரண்டு மணி

தூக்கம் ஒரே நீளமாக ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லோருக்குமே லேசான விழிப்பு வரும். நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்கிறவரும் ராத்திரியில் பல தடவை விழிக்கிறார்; சில நொடிகளில் மறுபடி தூங்கிவிடுவதால் காலையில் ஞாபகம் இருப்பதில்லை.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடுகிறது. 10 மணிக்குப் படுத்தவருக்கு 2 மணிக்கெல்லாம் குளம் பாதிக்கு மேல் வடிந்திருக்கும். அதற்குப் பிறகு கனவுத் தூக்கமும் லேசான தூக்கமும்தான் அதிகம். போதாததற்கு, விடியலுக்கு உடம்பைத் தயார்செய்கிற கார்ட்டிசால் என்ற சுரப்பு பின்னிரவில்தான் ஏறத் தொடங்குகிறது. ஆக, 2 மணிக்கு வருகிற விழிப்பு நோய் இல்லை. எல்லோருக்கும் இருக்கிற ஒரு மெலிந்த இடம். அந்த இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கவலை இருந்தால், முழு விழிப்பு வந்துவிடும்.

வந்த பிறகு அது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? பகலில் ஒரு கவலை வந்தால் ஏதாவது செய்ய முடியும். பேங்குக்குப் போகலாம், மைத்துனரிடம் பேசலாம், இல்லை வேலையில் மறந்துபோகலாம். 2 மணிக்கு எதுவும் திறந்திருக்காது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். எடைபோட்டு நிதானமாக முடிவெடுக்க உதவுகிற முன்மூளை அந்த நேரத்தில் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. பயத்தைக் கவனிக்கிற பகுதிக்கு அந்தத் தடை இல்லை. காலை 10 மணிக்கு "மேனேஜரைப் பார்த்து ஒரு மாசம் தவணை கேட்கலாம்" என்று தோன்றுகிற அதே லோன், ராத்திரி 2 மணிக்கு ஜப்தி நோட்டீஸாகி, வீடு ஏலத்துக்கு வந்து, மகளின் கல்யாணம் நின்றுபோகிற வரைக்கும் போய்விடும். நெஞ்சு படபடக்கும். இங்கத்துப் பேச்சில் சொன்னால் வெப்ராளம். உடம்புக்கு நிஜ ஆபத்தும் நினைப்பில் வருகிற ஆபத்தும் ஒன்றுதான். நாய் துரத்தினால் எப்படித் தயாராகுமோ அப்படித்தான் இதற்கும் தயாராகும்.

பால்வெட்டுக்காரருக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1 மணிக்கு ஓட்டில் மழை விழுகிற சத்தம் மற்றவர்களுக்குத் தாலாட்டு. மரப்பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்கிறவருக்கு அது அப்படிக் கேட்காது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே தவறாமல் வந்துபோகிற மாவட்டத்தில், ஆண்டில் பல மாதங்கள் அவர் காதை வானத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறார்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். தலையணைக்கடியில் இருக்கிற செல்போனை எடுத்து மணி பார்ப்பது. 2:10. "இப்ப ஒறங்கினா நாலு மணி நேரம் கிடைக்கும்." அப்புறம் 2:50. "இப்ப ஒறங்கினாலும் மூணுதான்." 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கையில் மணி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கவலை கூடியதோடு, தூக்கம் வர ஆன நேரத்தை உண்மையைவிட அதிகமாக மதிப்பிட்டதும் தெரியவந்தது. மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, "ராத்திரி முழுக்கக் கண்ணடைக்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் பல மணி நேரம் தூங்கியிருப்பதும் தெரிகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. லேசான தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே கோடு மங்கிவிடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மூணு நாளா ஒறங்கல்ல, என்னமோ ஆகப்போகுது" என்ற பயத்தில் பாதி இந்தக் கணக்குப் பிழையிலிருந்து வருகிறது.

முயன்றால் வராத ஒன்று

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல், தூக்கமின்மைக்கு மூன்று விதக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார். இயல்பிலேயே கொஞ்சம் கவலைப்படுகிற, லேசாகத் தூங்குகிற ஆள் என்பது முதல் வகை. ஒரு மரணம், கடன், வேலை போனது, குழந்தை பிறந்தது என்று திடீரென வந்து தூக்கத்தைத் தட்டிப்பறிக்கிற நிகழ்ச்சி இரண்டாம் வகை. மூன்றாவது, கெட்ட தூக்கத்தைச் சமாளிக்க நாம் எடுக்கிற நடவடிக்கைகள். இரண்டாம் காரணம் கரைந்துபோன பிறகும் பிரச்சினையை உயிரோடு வைத்திருப்பது இந்த மூன்றாவதுதான். வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அந்த நிலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: முதலில் எதற்காகத் தூக்கம் போனது என்பதைவிட, இன்றைக்குத் தூக்கம் வருமா என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலையாக இருக்கும்.

1996-ல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரு கூட்டத்தாரிடம் "முடிந்த அளவு வேகமாகத் தூங்குங்கள்" என்றும், இன்னொரு கூட்டத்தாரிடம் "எப்போது வேண்டுமானாலும் தூங்குங்கள்" என்றும் சொன்னார்கள். அதிலும் சிலருக்கு மென்மையான இசை, சிலருக்கு ராணுவ அணிவகுப்பு பேண்டு. மென்மையான இசையில் முயற்சி கொஞ்சம் கைகொடுத்தது. பேண்டு வாசித்தபோது, வேகமாகத் தூங்க முயன்றவர்கள் தடுமாறிப்போனார்கள். கவலையோடு படுக்கிறவரின் தலைக்குள் எந்த இசை ஓடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முயற்சி ஏன் திரும்பிக் கடிக்கிறது என்றால், "தூங்கிவிட்டேனா?" என்று பார்க்க ஒரு ஆள் உள்ளே விழித்திருந்தாக வேண்டும். அந்தக் காவல் ஆள் இருக்கும்வரை தூக்கம் வராது. இது ராத்திரிக்கு ராத்திரி தொடரும்போது இன்னொன்றும் சேர்கிறது. கட்டிலே விழிப்புக்கான அடையாளமாகிவிடும். ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை சொக்கி விழும். எழுந்து கட்டிலுக்குப் போனதும் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். சொந்தக்காரர் வீட்டில் வெறும் பாயில் நன்றாகத் தூக்கம் வரும். கட்டில்மீது பழகிப்போன பயத்துக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

வீடுகளில் செய்கிற வைத்தியங்களில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. நேற்றுத் தூங்கவில்லை, அதனால் இன்று 8 மணிக்கே படுத்துக்கொள் என்பார்கள். குளம் நிறைவதற்கு முன்பே படுத்தால் இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கி ஈடுகட்டினால் உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போய், திங்கள் இரவு மேலும் கெடும். பாலில் ஜாதிக்காய் உரசிக் குடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. மலையோரத் தோட்டங்களில் விளைகிற பொருள்தானே. ஒரு சிட்டிகை யாருக்கும் கெடுதல் செய்யாது, தூக்கம் தரும் என்பதற்கு வலுவான சான்றும் இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அதிகமானால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மைதான். அந்த உண்மையில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். மது உடம்பிலிருந்து கரைந்து போகிற பின்னிரவில் தூக்கம் துண்டுதுண்டாக உடையும். ஏற்கெனவே மெலிந்த இரண்டு மணி இன்னும் மெலிகிறது. குறட்டையும் மூச்சுத் தடையும் கூடும். "குடிச்சாதான் ஒறக்கம்" என்று சொல்கிறவர் ராத்திரியின் முதல் பாதியைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

தூக்க மாத்திரை இதற்கு ஓரளவு அண்ணன் தம்பி. அல்பிரசோலம் போன்றவை மருந்து விதிகளின் அட்டவணை எச்1-ல் வருபவை; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். குடும்பத்தில் ஒரு சாவு நடந்த வாரத்தில், மருத்துவர் சொல்லிச் சில நாள் எடுப்பதில் தவறு இல்லை. அதே "குளிகை"யைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிப் போட்டு, அப்படியே இரண்டு வருடம் ஓட்டுவதுதான் நடக்கிறது. உடம்பு பழகிவிடும், நிறுத்தினால் முன்பைவிட மோசமான தூக்கமின்மை கொஞ்ச நாள் வரும். அதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் என்னால் தூங்கவே முடியாது" என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, மாத்திரை மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது.

என்ன செய்யலாம்

அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, அறிதல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே இருப்பது எளிமையானது, ஆனால் செய்யக் கடினமானது.

அதில் ஒரு பகுதி ரிச்சர்ட் பூட்ஸின் 1972-ல் சொன்னது. தூக்கம் கண்ணை இழுக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போ. உத்தேசமாகக் கால்மணி, இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால், அல்லது எரிச்சல் தொடங்கினால், எழுந்து வேறு இடத்துக்குப் போ. மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சுவாரஸ்யமில்லாத வேலை செய். சொக்கினால் மட்டும் திரும்பு. எத்தனை தடவை எழ வேண்டியிருந்தாலும், காலையில் ஒரே நேரத்தில் எழு. கட்டிலைத் தூக்கத்தோடு மறுபடி முடிச்சுப்போடுகிற வேலை இது. வேறு இடம் என்றால் இங்கே வீட்டு முன்னால் சிட் அவுட் என்கிற திண்ணை இருக்கிறது, அடுக்களை இருக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். செல்போன் மட்டும் வேண்டாம். திரை வெளிச்சம் மெலடோனினைக் கொஞ்சம் குறைக்கும் என்பதைவிட, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற செய்திதான் ஆளை முழுதாக எழுப்பிவிடும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, படுக்கையில் இருக்கிற நேரத்தைக் குறைப்பது. கேட்டால் எதிர்மாறாகத் தோன்றும். ஒன்பது மணி நேரம் கட்டிலில் கிடந்து ஆறு மணி நேரம் தூங்குகிறவரை, ஆறு மணி நேரம் மட்டும் கட்டிலில் இருக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் தள்ளாட்டம் இருக்கும். பிறகு குளம் நன்றாக நிறைந்து, படுத்த நேரத்தில் தூக்கம் அடர்ந்து வரும்; அப்போது சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுவார்கள். எவ்வளவு குறைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. லாரி, பஸ் ஓட்டுகிறவர்களும், வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. கையில் பால்வெட்டுக் கத்தியோடு இருட்டில் ஏறி இறங்குகிறவரையும் நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன். 3 மணிக்கு எழுகிற அவருக்கு முக்கியம், வெட்டில்லாத நாளிலும் எழுகிற நேரத்தை அதிகம் மாற்றாமலிருப்பதும், 8 மணி வாக்கில் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பதும், தொழில் முடிந்து வந்தபின் ஒரு சின்னத் தூக்கத்தை முற்பகலிலேயே முடித்துவிடுவதும். அவர் தூக்கம் இரண்டு துண்டாக இருப்பது நோய் கிடையாது, தொழில் அப்படி.

கவலையை என்ன செய்வது? படுக்கையில் அதை நினைக்காதே என்று சொல்வதில் பயனில்லை. நினைக்காதே என்றதும் அதுதான் முதலில் வரும். 1980-களில் தாமஸ் போர்கோவெக்கின் குழு சோதித்துப் பார்த்த வழி, கவலைக்கென்று பகலில் நேரம் ஒதுக்குவது. சாயங்காலம் ஏதோ ஒரு நேரம், தினமும் ஒரே இடம், அரை மணி. அங்கே உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் வந்தால் "அப்புறம், சாயங்காலம்" என்று தள்ளிவைக்க வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். "லோன்" என்று ஒற்றை வார்த்தை எழுதுவதைவிட, "திங்கள் 11 மணி, பாஸ்புக்கோடு மார்த்தாண்டம் போக வேண்டும்" என்று எழுதுவது மேல். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரு நோட்டுக்கும் பேனாவுக்கும் மேல் செலவில்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைவிட, மனதில் ஓர் இடத்தைக் காட்சியாக விரிப்பது நன்றாகப் பிடிக்கிறது. எண்ணிக்கை மனதை முழுதாக ஆக்கிரமிக்காது, இடுக்கில் கவலை நுழைந்துவிடும். திற்பரப்பு அருவியில் குளிக்கப் போன ஒரு நாளைப் படிப்படியாக நினைத்துப் பார்க்கலாம். கடற்கரை வீடுகளில் ராத்திரி சொல்கிற ஜெபமாலையும், மற்ற வீடுகளில் சொல்கிற நாமமும் இதையே செய்கின்றன: ஒரே சீரான சொற்கள் மனதுக்கு ஒரு வேலை கொடுக்கின்றன. ஆனால் படுக்கும் முன் அமைதியாகச் சொல்கிற ஜெபத்துக்கும், 2 மணிக்குக் கட்டிலில் கிடந்து "எனக்குத் தூக்கத்தைக் கொடு" என்று மன்றாடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது மறுபடி முயற்சிதான்.

கவலைக்கு உண்மையிலேயே காரணம் இருக்கும்போது

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த உபாயங்கள் எதுவும் கடனை அடைக்காது, கடலில் போனவரைக் கரைசேர்க்காது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 காலையைக் குளச்சலும் மணக்குடியும் மறக்கவில்லை. அந்தக் கரைகளில் காற்று மாறுகிற சத்தத்துக்கு ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தால், அதைத் தப்பான எண்ணம் என்று திருத்த யாருக்கும் தகுதியில்லை. ஜூன், ஜூலை மேற்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். அப்போது கடல் பயம் போய் 61 நாள் வரும்படி இல்லாத பயம் வந்து படுக்கும்.

இந்த மாதிரிக் கவலையில் செய்ய முடிவது, அதைப் படுக்கையிலிருந்து பிரிப்பது மட்டும்தான். வெளிநாட்டுப் போன்களிலும் அப்படி. பள்ளிக் கட்டணம், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், சொத்துத் தகராறு எல்லாவற்றையும் நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் பேசி முடித்துவிட்டு, இங்கே இவரும் அங்கே அவரும் விழித்துக் கிடக்கிறார்கள். பணப் பேச்சை அவருடைய விடுமுறை நாள் பகலுக்கு மாற்றி, ராத்திரிப் போனைக் குழந்தைகள் கதைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

எல்லாத் தூக்கமின்மையும் கவலையால் வருவதுமில்லை. உரத்த குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, சர்க்கரையால் ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுவது, தைராய்டு, மாதவிடாய் நிற்கிற காலத்து உடல்சூடு, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவம் உண்டு. நீர் பிரிக்கிற மாத்திரையைச் சாயங்காலம் போடுவதால்கூடச் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. எப்போது போடுவது என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீரும். விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்து, மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டுமே 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ, மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தயங்கியே பலர் மருந்துக்கடைக் குளிகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் பழக்கமான பொது மருத்துவரிடமே போகலாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கையில் இருந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்: படுத்தது எப்போது, எழுந்தது எப்போது, பகலில் எவ்வளவு தூங்கியது, சாயா எத்தனை, மாத்திரை ஏதாவது உண்டா. இதற்காக ராத்திரியில் மணி பார்க்க வேண்டாம். காலையில் எழுந்தபிறகு உத்தேசமாக எழுதினால் போதும்.